இடப்பக்கம் இருந்து கார் ஓட்டிய அக்கா

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. ஒரு வரி மேலே ஏறும், அடுத்தது சரிந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்தவன் நான். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பதில் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். பிழை கண்ட இடத்தில் திருத்தி வாசியுங்கள்.

எங்கள் வாசிகசாலையில் மலர் ஒன்று போடுகிறார்கள். தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி எல்லோரிடமும் கேட்டார்கள். என்னிடம் பகிடிக்குத்தான் கேட்டிருப்பார்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவன் நான். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் ஒருவருடைய முகம் போகவில்லை. அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பெயரை எழுதவில்லை, அவருக்கு அது பிடிக்காது. உரும்பிராயில் வயது போனவர்களுக்கு யாரென்று விளங்கும்.

எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு அவருடையது. அவருடைய தோட்டத்தில்தான் நான் வேலை செய்தேன். எனக்கு அவர் அக்கா. அவருடைய கணவரை ஐயா என்பேன். பிள்ளைகள் இல்லை. ஐயா அரசாங்கத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்வெட்டி பிடிக்கவும் தெரியாது, கார் ஓட்டவும் தெரியாது. வெங்காயம், புகையிலை, மரவள்ளி எல்லாம் அக்காவின் பொறுப்பு. காரும் அப்படித்தான். குமர்ப்பிள்ளையாக இருந்தபோதே தகப்பனின் பழைய ஒஸ்ரின் காரில் பழகிவிட்டாராம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, கப்பலில் வேலை செய்த அவரது தமையன் ஏதோ ஒரு தேசத்தில் வாங்கி அனுப்பிய சின்ன நீலக் கார் வந்து இறங்கியது. அதற்கு ஸ்டியரிங் இடப்பக்கம். நம்முடைய கார்களெல்லாம் வலப்பக்கம் இருந்து ஓட்டுவதுதானே. முதல் நாள் அக்கா பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, சேலையைச் சரிசெய்து, இரண்டு கையையும் நீட்டினாராம். பிடிக்க ஒன்றும் இல்லை. ஐயா மற்றப் பக்கத்தால் ஏறி ஸ்டியரிங்குக்கு முன்னால் மாட்டுப்பட்டுக்கொண்டு, "இதென்ன, என்னையோ ஓடச் சொல்லுறீர்?" என்று கேட்டாராம்.

அடுத்த கிழமைகளில் எங்கள் ஒழுங்கை பட்ட பாட்டை நானே கண்டேன். தனக்கு வலப்பக்கத்திலும் இன்னும் ஓர் ஆள் இருக்கும் அகலத்துக்குக் கார் இருக்கிறது என்பது அக்காவுக்கு மனதில் ஏறவில்லை. வலப்பக்க வேலிகளையெல்லாம் உரசிக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்து நிற்கும்போது கண்ணாடியில் வேலி அடைத்த தென்னோலைக் கிடுகு தொங்கும். யாருடைய வேலி பிய்ந்தாலும் அக்காவிடம்தான் வருவார்கள். அவரும், "ஓம், நான்தான்" என்று உடனே புதுக் கிடுகு அனுப்புவார்.

ஒருமுறை ஐயாவும் அவரும் ஒரு கிழமை கொழும்பில் நின்றுவிட்டு வந்தார்கள். வந்த அன்றே நடுவீட்டுக்காரி வந்தார்.

"நேற்று உங்கடை கார் என்ரை வேலியை இழுத்துப்போட்டுது."

"அப்பிடியே? கிடுகு அனுப்புறன்" என்றார் அக்கா.

ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "நேற்று நாங்கள் கொழும்பிலையல்லோ நிண்டனாங்கள்! அவளின்ரை ஆடு செய்த வேலைக்கு நீர் ஏன் கிடுகு குடுக்கிறீர்?"

"அவ வந்து சொல்லுறா. சொன்னாச் சரி."

இதுதான் அக்கா. ஒருவர் வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அவருக்கு அது போதும். திருப்பிக் கேட்கமாட்டார். தண்ணீர்ப் பம்பு திருத்துபவர் எல்லா வீட்டிலும் சொல்வதுபோல், "நாளைக்கு வாறன் அக்கா" என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டுப் போவார். அடுத்த நாள் அக்கா அவருக்குத் தேத்தண்ணியும் வைத்து, கிணற்றடியில் கதிரையும் போட்டுவிடுவார். ஆள் வராவிட்டால் கோபம் இல்லை, தேத்தண்ணியை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அவர் எங்கள் ஒழுங்கைக்குள் வரும்போதெல்லாம் யோசித்துத்தான் வாய் திறந்தார். "உந்த மனிசியிட்டை வாறன் எண்டு சொல்லேலாது. உண்மையா வரவேண்டிக் கிடக்கு" என்று கடையில் சொல்லி அலுத்துக்கொண்டாராம்.

இடப்பக்கம் இருந்து ஓட்டும் காரில் ஒரு சங்கடம் உண்டு. முன்னால் ஒரு வண்டிலோ பஸ்ஸோ போனால், ஓட்டுபவருக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரே என்ன வருகிறது என்பது வலப்பக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே ஐயா எட்டிப் பார்த்து, "போம்" என்பார். அக்கா விலத்தி முன்னே போய்விடுவார். கார் ஓட்டத் தெரியாத ஐயாவும், முன்னால் பார்க்க முடியாத அக்காவும் சேர்ந்து ஒரு டிரைவர் என்று ஊரில் சொல்வார்கள்.

தொண்ணூற்றொன்றில் ஐயா பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் போனார். அப்போது தரைப்பாதை இல்லை. கடலேரியை வள்ளத்தில் தாண்டி அக்கரையில் ஏறவேண்டும். "வெங்காயம் கிளப்ப முந்தி வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் வெங்காயம் கிளப்பினோம். அடுத்த போகமும் நட்டுக் கிளப்பினோம். ஐயா வரவில்லை. கொழும்பில் தங்கவிருந்த வீட்டுக்கும் அவர் போய்ச் சேரவில்லையாம். என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அக்கா பொட்டோடும் தாலிக்கொடியோடும் இருந்தார். "வருவன் எண்டு சொன்னவர்" என்பதற்கு மேல் ஒன்றும் கதைக்கமாட்டார்.

ஐயா போன பிறகு அக்கா தனியாகத்தான் கார் ஓட்டினார். நான் பின்னால் வெங்காயம் நிரப்பிய ஓலைக் கடகங்களோடு இருப்பேன். பின்சீற்றைக் கழற்றியிருந்தார்கள். பெற்றோல் கிடைக்காத காலம். சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோலை எஞ்சினுக்குள் விட்டு ஸ்ரார்ட் எடுத்தபின் மண்ணெண்ணெயில்தான் ஓடும். அந்தப் பெற்றோல் விடுவதுதான் என் வேலை. விலத்தச் சொல்ல ஆள் இல்லாததால், உரும்பிராய்ச் சந்தியில் ஒரு மாட்டுவண்டில் முன்னால் வந்துவிட்டால் திருநெல்வேலிச் சந்தை வரை அதன் பின்னாலேயே போவோம். பின்னால் சைக்கிள்காரர் மணி அடிப்பார்கள். "ஆற்றையேன் பெட்டையின்ரை சாமத்தியச் சடங்கோ, ஊர்வலம் போகுது" என்று பகிடி பண்ணுவார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது நல்ல வெங்காயம் வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஒருநாள் அக்கா சொன்னார்: "தம்பி, நாளையிலை இருந்து நீர் முன்னுக்கு ஏறும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அது ஐயாவின்ரை இடமெல்லே, அக்கா."

"அவர் வந்தால் இறங்குவீர்தானே?"

"ஓம்."

"அப்ப ஏறும்."

ஏறினேன். பலாலி வீதியில் முதல் வண்டில் வந்தது. அக்கா, "போகலாமோ?" என்றார். பாதை வெறுமையாக இருந்தது. தலையாட்டினேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"தம்பி, உம்மடை தலை ஆடுற சத்தம் எனக்குக் கேக்காது. வாயைத் திறவும்."

நான் தொண்டையைச் செருமி, "ஓ… ம்…" என்று இழுத்து முடிப்பதற்குள் எதிரே பஸ் வந்துவிட்டது. அக்கா சிரித்துவிட்டார். "நீர் ஓம் எண்டு சொல்லி முடிக்க எங்களுக்குச் சந்தையே வந்திடும்." அதற்குப் பிறகு 'போங்கோ', 'நில்லுங்கோ' என்ற இரண்டு சொல்லோடு முடித்துக்கொண்டோம்.

நான் "போங்கோ" என்றதும் அவர் போவார். தலையைத் திருப்பி ஒருமுறை பார்க்கமாட்டார். என் சொல்லை நம்பி அதுவரை ஒருவரும் ஒரு மாட்டைக்கூட அவிழ்த்ததில்லை. என் கால், அங்கே இல்லாத பிறேக்கைத் தேடி மிதிக்கும். காரின் அந்த இடத்தில் தரைவிரிப்பே தேய்ந்துவிட்டது.

ஆட்கள் என்னைத்தான் டிரைவர் என்று நினைத்தார்கள். வலப்பக்கம் இருப்பவன் நான் அல்லவா. ஒருநாள் கொண்டாவிலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு கிழவர் எங்கள் காரைக் கண்டுவிட்டுக் கத்தினார்: "பாருங்கோடா, கையைக் கட்டிக்கொண்டு கார் ஓடுறான் விசரன்! டேய், பிடியடா ஸ்டியரிங்கை!" நான் பயத்தில் இரண்டு கையையும் தூக்கி வெறும் வெளியைப் பிடித்தேன். அக்காவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்து, காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

ஒரேயொரு முறைதான் என்னை ஏசினார். காலை வெயில் நேரே முகத்தில் அடித்தது. முன்னால் வைக்கோல் ஏற்றிய வண்டில். அக்கா கேட்டார். நான், "போகலாம் போலை கிடக்கு" என்றேன். காரை உடனே ஓரம் கட்டினார்.

"போலை எண்டால் என்ன? கண்டனீரோ, காணேல்லையோ?"

"வெயில் கண்ணிலை அடிக்குது, அக்கா."

"அப்ப காணேல்லை எண்டு சொல்லும். அதிலை ஒரு வெக்கமும் இல்லை. நான் பின்னாலை போவன். நீர் போலை எண்டு சொன்னால் ரெண்டு பேரும் வைக்கோலுக்கை கிடப்பம்."

இனி ஐயாவின் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கோப்பாயில் இருந்தவர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், எல்லோரும் மாஸ்ரர் என்போம். அவருடைய மகளுக்கு அச்சுவேலியில் கலியாணம் பொருந்தியது. பெட்டைக்கு வயது ஏறிக்கொண்டு போக, கடைசியாகப் பொருந்திய இடம். மாப்பிள்ளை பகுதி ஒரு கேள்வி கேட்டுவிட்டது. பெண்ணின் பெரியப்பா இருக்கிறாரா, இல்லையா? இல்லை என்றால் அந்தியேட்டிக் கிரியை செய்து சாவுத் துடக்கைக் கழிக்கவேண்டும். செய்யாத துடக்கோடு எப்படிப் பந்தல் போடுவது? இருக்கிறார் என்றால், எங்கே?

மாஸ்ரர் ஒருநாள் பின்னேரம் ஒழுங்கை முகப்பில் சைக்கிளோடு நின்றார். என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அண்ணியிட்டை நான் கதைக்கேலாது. நீ சொன்னால் கேப்பா. நீ போ எண்டால் காரையே விடுறா."

"என்னத்தை மாஸ்ரர் சொல்லுறது?"

"கடலேரியிலை வள்ளம் ஒண்டு கவிண்டது, அண்ணை அதிலை இருந்தவர் எண்டு சந்தையிலை ஓராள் சொன்னவர் எண்டு சொல்லு."

"ஆர் மாஸ்ரர் சொன்னது?"

"ஆரும் சொல்லியிருக்கலாம்தானேடா." அவர் சைக்கிள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இவ்வளவு காலம் வராத மனிசன் இனியோ வரப்போறார்? எனக்கும் அவர் அண்ணைதான். அழுது முடிப்பம் எண்டுதான் பாக்கிறன். பிள்ளையின்ரை வாழ்க்கையும் நிக்குது."

எனக்குப் பெரியவர்களுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் சொன்னால் அக்கா கேட்பார் என்பது எனக்குத் தெரியும். அடுத்த கேள்வி வராது. நேரே உள்ளே போய்ப் பொட்டை அழித்துவிட்டு வருவார்.

அடுத்த நாள் காலை கடகங்களோடு புறப்பட்டோம். முன்னால் உழவு மெசின் ஒன்று போனது. அக்கா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"நேற்று மாஸ்ரர் முகப்பிலை நிண்டு உம்மோடை கதைச்சவர். என்னவாம்?"

நான் உழவு மெசினைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ஐயா இல்லை எண்டு உங்களுக்குச் சொல்லட்டாம்."

கார் அதே வேகத்தில் போனது.

"நீர் கண்டனீரோ?"

"இல்லை, அக்கா."

"கண்ட ஆக்கள் ஆரையும் கண்டனீரோ?"

"இல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது, அக்கா."

"ம்" என்றார். "எனக்கும் தெரியாது. அதைத்தான் போய்ச் சொல்லவேணும்."

அன்றைக்கு வெங்காயம் சந்தைக்குப் போகவில்லை. அக்கா இருபாலைப் பக்கமாகத் திருப்பிக் கோப்பாய்க்குப் போனார். மாஸ்ரர் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றார். "சால்வையைப் போட்டுக்கொண்டு வாரும், அச்சுவேலிக்குப் போவம்" என்றார் அக்கா. மாஸ்ரர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் பின்னால் ஏறி வெங்காயக் கடகங்களுக்கு நடுவில் குந்திக்கொண்டார். வேட்டியெல்லாம் சருகு.

மாப்பிள்ளையின் தகப்பன் நல்ல உயரமான கமக்காரர். முற்றத்தில் புகையிலை கட்டிக்கொண்டிருந்தார். அக்கா கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"நான் பெட்டையின்ரை பெரியம்மா. என்ரை மனிசன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு கேட்டனீங்களாம். எனக்குத் தெரியாது. வருவன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். இல்லை எண்டு ஒருத்தரும் வந்து எனக்குச் சொல்லேல்லை. இவ்வளவும்தான் என்னட்டை இருக்கு. இதை வைச்சுக் கலியாணம் செய்யிறதெண்டால் செய்யுங்கோ. மனமில்லாட்டில் நான் குறை நினைக்கன். ஆனால் அவர் செத்துப்போனார் எண்டு என்ரை வாயாலை சொல்லவும் மாட்டன், ஆரும் சும்மா சொல்ல விடவும் மாட்டன்."

மாஸ்ரர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். கமக்காரர் அக்காவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு படலைக்கு வெளியே நின்ற காரைப் பார்த்தார்.

"உதை ஆர் ஓடுறது?"

"நான்தான்."

"அப்ப உவர் ஆர்?" என்று என்னைக் காட்டினார்.

"அவர் முன்னுக்குப் பார்த்துச் சொல்லுறவர்."

"பிழையாச் சொன்னால்?"

"சொல்லமாட்டார்" என்றார் அக்கா.

எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. காரின் மறைவுக்குப் போய்விட்டேன். கமக்காரர் சிரிப்பது கேட்டது. "பெரியம்மாக்காரி பொட்டோடை வந்து நிக்கிறா. எனக்கு அது போதும், மாஸ்ரர். துடக்குக் கதையை விடுவம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, உந்தக் காரை மாப்பிள்ளைக்கு ஒருக்கால் தருவியளோ? ஒரு இடமும் கார் கிடைக்குதில்லை" என்றார்.

அப்படித்தான் மாப்பிள்ளை தலைப்பாகையும் மாலையுமாக எங்கள் காரின் வலப்பக்கம் ஏறிக் கோப்பாய்க்கு வந்தார். நான் பின்னால், மாப்பிள்ளைத் தோழனின் முழங்காலுக்குக் கீழே. வழியெல்லாம் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை தானே ஓடிக்கொண்டு போறாரடி! என்ன அவசரம் பாவத்துக்கு!" என்று சிரித்தது. நீர்வேலியில் வண்டில் ஒன்று குறுக்கிட்டது. அக்கா, "போகலாமோ தம்பி?" என்றார். மாப்பிள்ளை மாமியார் வீட்டு ஆளுக்கு எதிர்க்கதை சொல்லக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "உங்கடை விருப்பம், பெரியம்மா" என்றார். நான் பின்னால் வலப்பக்க ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்து, "நில்லுங்கோ! லொறி வருது!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியது அன்றைக்குத்தான். அக்கா நின்றார். லொறி போனது. மாப்பிள்ளையின் தலைப்பாகை கழன்று மடியில் கிடந்தது.

இரண்டு வருடம் அப்படியே போனது. தொண்ணூற்று நாலில், புகையிலை வெட்டுகிற காலத்தில், ஒரு காலை வயதான ஒருவர் சைக்கிளில் வந்து படலையில் நின்றார். கறுத்து மெலிந்த மனிதர். வள்ளம் ஓட்டியவராம். வன்னிப் பக்கத்தில் நின்றுவிட்டு அண்மையில்தான் இக்கரைக்கு வந்தவராம்.

"இடப்பக்கம் இருந்து கார் ஓடுற அம்மா வீடு இதுவோ?"

"ஓம், நான்தான்" என்றார் அக்கா.

"அவர் ஊரைச் சொன்னவர், பேரைச் சொல்லேல்லை. கடலிலை எல்லாரும் பயந்துபோய் இருக்க, உங்கடை கார்க்கதை சொல்லிச் சிரிக்க வைச்சுக்கொண்டு வந்தவர். அந்தக் கதையை வைச்சுத்தான் விசாரிச்சு வாறன்." அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "நடுக்கடலிலை காத்து மாறிப்போச்சு, தங்கச்சி. வள்ளம் கவிண்டிட்டுது."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்டனான். நான்தான் கையைப் பிடிச்சனான். பிடிச்ச கை விட்டுப்போச்சு."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

"சரி" என்றார் அக்கா.

அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. அவரை இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். படலை வரை போய் வழியனுப்பினார். பிறகு உள்ளே போனார். வெளியே வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது.

"தம்பி, மாஸ்ரருக்குப் போய்ச் சொல்லவேணும். காரை எடுப்பம்."

நான் பெற்றோல் விட்டேன். பாதி வெளியே போனது. இரண்டாம் முறைதான் ஸ்ரார்ட் ஆனது. நான் பின்னால் போய் ஏறப் பார்த்தேன். "முன்னுக்கு ஏறும்" என்றார்.

கோப்பாய் வீதியில் ஏறியதும் முன்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய வண்டில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டின தூரம் ஒன்றும் இல்லை. அக்கா கேட்கவில்லை. கேட்க மறந்துவிட்டார் என்று நினைத்து, "போங்கோ அக்கா, ஒண்டும் வரேல்லை" என்றேன்.

கார் விலத்தவில்லை.

சத்தம் போதாதோ என்று இன்னும் உரக்கச் சொன்னேன். "போங்கோ அக்கா. நான் வடிவாப் பாத்திட்டன்."

"தெரியும் தம்பி" என்றார். "இண்டைக்கு உதுக்குப் பின்னாலையே போவம்."

வண்டில்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்து, முன்னே போகும்படி கையைக் காட்டினார். பிறகு அவரும் விட்டுவிட்டார். பாதை முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. கோப்பாய் வரை நாங்கள் மாட்டின் நடையிலேயே போனோம்.

எழுதி முடித்தது: 2003, ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.